கை பொறுக்கும் சூடு

“சன்னாவே எந்திரிச்சு வந்த மாதிரி இருக்குடி, மக்ரீத்தா” என்றாள் ஃபைக்கி ஆன்ட்டி.

அவள் இதைச் சொன்னது மக்ரீத்தாவின் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு. கையில் இருந்தது மக்ரீத்தா போட்ட செந்தேயிலைத் தேநீர். வாயில் இருந்தது மக்ரீத்தா சுட்ட ரொட்டி, மேலே ஆட்டுவால் கொழுப்பும் உப்பும். புகழ் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஓரகத்தி ரோசெலுக்கு.

“யாரு எந்திரிச்சு வந்தது?”

“உன் மாமியாதான், வேற யாரு. ரோசெல் சோப்புக் காய்ச்சியிருக்கா, பாத்தியா? கத்திய வச்சா வெண்ணெய் மாதிரி இறங்குது. போதகர் வீட்டம்மா ரெண்டு கட்டி எடுத்துட்டுப் போனாங்க.”

“வெண்ணெய் மாதிரி இறங்குனா அது சோப்பு இல்ல ஆன்ட்டி, வேகாத கொழுப்பு. ரெண்டு தரம் துவைச்சா கரைஞ்சு ஓடிரும். நம்ம வீட்டுச் சோப்ப வெட்டுறதுக்குக் கம்பி வேணும்.”

“நாக்குல என்னத்தடி தடவி வச்சிருக்க நீ? புதுசா வந்த பிள்ள, நாலு நல்ல வார்த்த சொன்னா குறைஞ்சா போயிருவ?”

“மூணு வருஷம் ஆச்சு வந்து. இன்னமும் புதுசா?”

ஃபைக்கி ஆன்ட்டி கோப்பையைக் கீழே வைத்தாள். ஏபென்தால் மிஷன் ஊர்க் கோயிலின் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. சங்கத்துச் செய்தியைச் சொல்லும்போது மட்டும் அவளுக்குத் தானாக முதுகு நிமிர்ந்துவிடும். இப்போதும் நிமிர்ந்தது.

“நேத்து சங்கத்துல பேசி முடிச்சாச்சு. இந்த வருஷம் அறுப்புப் பண்டிகைக்கு பன் சுடுறது ரோசெல்.”

மக்ரீத்தா அடுப்பில் கிடந்த விறகை ஒருமுறை உள்ளே தள்ளினாள். தள்ளத் தேவையே இல்லாத விறகு அது.

அறுப்புப் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கம் முடிந்ததும், யாரும் எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு சோம்பு பன், ஒரு குவளை தேநீர். பேசாமல் சேர்ந்து தின்பதுதான் அன்றைக்கு ஆராதனை. இருநூற்று நாற்பது பன். நாற்பது வருஷமாக அது சன்னாவின் வீட்டு அடுப்பில்தான் வெந்தது. கடைசிப் பன்னிரண்டு வருஷம் சன்னாவின் விரல்கள் மடங்கிப்போய், மாவில் கை வைக்க முடியாமல், நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிசைந்தது, உருட்டியது, அடுப்பைக் காய்ச்சியது எல்லாம் மூத்த மருமகள் மக்ரீத்தா. ஆனால் போதகர் நன்றி சொல்லும்போது ஒவ்வொரு வருஷமும் “சகோதரி சன்னாவுக்கு” என்றுதான் சொன்னார். போன குளிர்காலத்தில் சன்னா இறந்துபோனாள். அடுத்து வரும் நன்றியில் தன் பேர் இருக்கும் என்று மக்ரீத்தா யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதே இல்லை என்று நினைத்திருந்தாள்.

“பன்னிரண்டு வருஷமா பிசைஞ்ச கை யாரோடது ஆன்ட்டி?”

“உன்னோடதுதான். யாரு இல்லேங்கறா? ஆனா புத்தகம் அவகிட்ட இல்ல இருக்கு? சன்னா அவகிட்டத்தான குடுத்துட்டுப் போயிருக்கா. செத்தவ மனசு என்னன்னு சங்கம் பாக்கணுமா இல்லையா?”

“தேத்தண்ணி இன்னும் ஊத்தவா?”

“போதும்டி. ரொட்டி மட்டும் இன்னொரு துண்டு குடு. நீ சுடுற ரொட்டிக்கு ஒரு ருசி இருக்கத்தான் செய்யுது.”

அந்தப் புத்தகம்.

கறுப்புத் தோல் அட்டை, முதுகில் செருப்புத் தைக்கும் நூலால் போட்ட தையல். சன்னாவின் மாமியாருக்கும் முந்தினவள் யாரோ எழுதத் தொடங்கியது. மிஷன் துரைசாணியிடம் வேலை செய்தபோது கேட்டுக் கேட்டு எழுதினாளாம். அதன் பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்கு எழுதிச் சேர்த்திருந்தார்கள். சாம்பல் நீரில் சோப்புக் காய்ச்சுவது, கோயில் அங்கிக்கு உருளைக்கிழங்குக் கஞ்சி போடுவது, சாணியும் பீச் கொட்டையும் வைத்துத் தரை பாவுவது, கொழுப்பு மெழுகுவர்த்தி, பச்சை அத்திக்காய்ப் பாகு, குழந்தைக்கு மாந்தம் வந்தால் என்ன செய்வது, எல்லாம். சாய்ந்து சாய்ந்து ஓடும் பழைய கையெழுத்து. மக்ரீத்தா வேதப் புத்தகத்தின் அச்செழுத்தை நன்றாக வாசிப்பாள். இந்தக் கையெழுத்து அவளுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அப்படியும் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று இருபத்தாறு வருஷம் ஆசைப்பட்டாள். சன்னா அதைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாள். “உனக்கு எதுக்குடி புத்தகம்?” என்பாள். அவ்வளவுதான்.

கடைசி வாரம் சன்னா படுக்கையை நனைத்துவிட்டாள். மக்ரீத்தா துணியை அள்ளிக்கொண்டு ஆற்றுக்குப் போய் அலசிப் பிழிந்து, ஈரச் சுமையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். வாசலில் நின்று பார்க்கும்போது, பெட்டி திறந்து கிடந்தது. கட்டில் பக்கத்தில் ரோசெல். அவள் மடியில் அந்தப் புத்தகம். யாரும் எதுவும் சொல்லவில்லை. மக்ரீத்தாவும் கேட்கவில்லை. துணியைக் கொண்டுபோய்க் கொடியில் போட்டாள். அன்றைக்குப் போட்ட கிளிப்புகளில் இரண்டு அவள் கையில் உடைந்தன.

ரோசெல் நகரத்துக்காரி. சட்டை தைக்கும் ஆலையில் பதினான்கு வருஷம் காலர் மட்டும் தைத்தவள். ஆலையை மூடியதும், புருஷன் கெர்ட்டைக் கூட்டிக்கொண்டு அவன் ஊருக்கு வந்தாள். வந்தபோது விறகு அடுப்பு பற்றவைக்கத் தெரியாது. அப்படிப்பட்டவள் புத்தகம் கைக்கு வந்த ஒரு வருஷத்தில் வரிவரியாக விரல் வைத்து வாசித்து, ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். மெழுகுவர்த்தி வளைந்தது, மறுபடி ஊற்றினாள், நிமிர்ந்தது. தரை வெடித்தது, மறுபடி பாவினாள். ஊர் பார்த்தது. மக்ரீத்தா செய்வதை யாரும் பார்ப்பதில்லை. தினமும் விடிவதை யார் பார்க்கிறார்கள்?

அன்று பொழுது சாய அவள் புருஷன் எலியாஸ் தேயிலைக் களத்திலிருந்து வந்தான். வெட்டி நசுக்கிய செந்தேயிலையைக் குவித்து, அது சூடேறிச் சிவந்த பிறகு களம் முழுக்க விரித்துக் கிளறுவது அவன் வேலை. புருவத்து மயிர்கூடச் செம்மண் நிறம். தட்டில் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் உப்புக் கருவாட்டையும் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“ரோசெல் நேத்து கிழங்கில ஆரஞ்சுத் தோல் போட்டிருந்தா. கெர்ட் களத்துக்குக் கொண்டு வந்தான். நல்லா இருந்துச்சு.”

“அப்ப அங்க போய்த் தின்னுங்க.”

“என்ன சொல்லிட்டேன் இப்ப?”

“ஒண்ணும் சொல்லல. வாயில கிழங்கு இருக்கு, முழுங்குங்க.”

“பன் விஷயம் கேள்விப்பட்டேன்” என்றான் எலியாஸ், கொஞ்சம் கழித்து. “விடு. உனக்கும் வயசாகுது. ஒரு வருஷம் ஓய்வா இரு.”

“என் மேல இரக்கப்படுறதுக்கு வீட்டிலேயும் ஒரு ஆளு கிடைச்சாச்சு.”

வெள்ளிக்கிழமை காலை ரோசெல் வந்தாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம். முற்றத்து நடுவில் களிமண் அடுப்பு, முதுகு வளைந்த மாடு படுத்த மாதிரி. இருந்தும் அவள் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தாள். வந்தவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, மாவுத் தொட்டி வேணும். அத்தையோட மரத்தொட்டி.”

“எடுத்துக்கோ. எல்லாந்தான் எடுத்தாச்சு.”

ரோசெலின் முகம் ஒரு நொடி சிவந்தது. தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

“மாவு எழும்புறதுக்குப் புளிப்பு ஊற வச்சுட்டேன். உலர்ந்த திராட்சை பூரா மேல மிதந்துருச்சு. புத்தகத்துல சொன்ன மாதிரியே.”

“மிதக்காம என்ன செய்யும்? அது புத்தகம் படிச்சா மிதக்குது?”

“சூடு பாக்குறதுக்கும் இருக்கு அக்கா. தணல வாரிட்டு, அடுப்பத் துடைச்சிட்டு, வெறுங்கைய உள்ள நீட்டணும். அறுப்புப் பாட்டுல ரெண்டு சரணம் பாடி முடியுற வரைக்கும் கை பொறுத்துச்சுன்னா பன் வைக்கலாம். பொறுக்கலேன்னா இன்னும் ஆறணும்.” பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லி முடித்தாள். பிறகு ஏதோ கேட்க வாய் எடுத்தாள். “அந்தப் பாட்டு அக்கா…”

“என்ன, பாட்டு தெரியாதா?”

“தெரியும்” என்றாள் ரோசெல் வெடுக்கென்று. “எங்க கோயில்லயும் பாடுவோம். நான் பாடகர் குழுவில இருந்தவ.”

தொட்டியைச் சுமந்துகொண்டு முற்றத்தைக் கடந்து போகும்போது அவள் அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். மக்ரீத்தா கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தோடு நின்றுவிட்டாள்.

நகரத்துக் கோயிலில் கிதாரும் மேளமும் வைத்துப் பாடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். ரோசெலின் பாட்டு அப்படித்தான் போனது, கழுதை வண்டி இறக்கத்தில் உருளுகிற மாதிரி. ஏபென்தாலில் அறுப்புப் பாட்டை இழுத்துத்தான் பாடுவார்கள். ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் வருவதற்குள் போதகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிடலாம். அதிலும் மக்ரீத்தா கூடுதலாக இழுப்பாள். ஆர்கன் வாசிக்கிறவன் அவளால் வருஷா வருஷம் திண்டாடுவான்.

ரோசெல் பாடுகிற வேகத்தில் இரண்டு சரணம் என்பது இங்கே ஒரு சரணம்கூட இல்லை. அவ்வளவு நேரம் கொதிக்கிற அடுப்பிலும் கை பொறுக்கும். அவள் சரி என்று நினைத்துப் பன்னை உள்ளே தள்ளுவாள். மேலே கரியாகும், உள்ளே பச்சை மாவு.

ஒரு வார்த்தை போதும். ‘மெதுவாப் பாடுடி.’ முற்றத்தைத் தாண்டக்கூட வேண்டாம், ஜன்னலில் இருந்தே சொல்லலாம்.

மக்ரீத்தா பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். மிச்சமிருந்த உலர்ந்த திராட்சையை எடுத்து, அம்மிக்கல்லில் நசுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரோடு சீசாவில் போட்டு, துணி சுற்றிக் கணப்புப் பக்கத்தில் வைத்தாள். எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை விடியும்போதே மலைக்கு அந்தப் பக்கமிருந்து வெக்கைக் காற்று வீசியது. களத்துச் செந்தூள் பறந்து வந்து வெள்ளைச் சுவரில் படிந்தது. இந்தக் காற்றில் மாவு சீக்கிரம் எழும்பும். மக்ரீத்தா துணி துவைக்கும் தகரத் தொட்டியைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, ராத்திரியே பிசைந்து வைத்திருந்த மாவை அதில் இட்டு, இரண்டு கம்பளியால் போர்த்திக் கட்டிலின் நடுவில் வைத்திருந்தாள். நூற்றிருபது பன்னுக்கான மாவு. அடுப்பில் ஒரு ஈடு அவ்வளவுதான் பிடிக்கும்.

அரை நாள் வேலை முடித்து வந்த எலியாஸ் படுக்கப் போனான்.

“கட்டில்ல யாரு படுத்திருக்கா?”

“மாவு.”

“எதுக்கு இவ்வளவு மாவு?”

“நமக்குத்தான்.”

“நம்ம ரெண்டு பேருக்கா? நான் எங்க படுக்க?”

“நாற்காலியில சாயுங்க. வாயத் திறக்காம சாயுங்க.”

முற்றத்து அடுப்பில் ரெனோஸ்டர் என்கிற காய்ந்த மலைப்புதர் வெடித்து எரிந்தது. அந்தப் புதரின் நெருப்பு ஆத்திரக்காரனின் கோபம் மாதிரி, சட்டென்று ஏறும். ரோசெல் கைகளைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தணலை வாரிக் கொட்டினாள். ஈரச் சாக்கை நீளக்கம்பில் கட்டி அடுப்பின் உள்ளே துடைத்தாள். உஸ்ஸென்று ஆவி வந்தது. கெர்ட் தகடு தகடாகப் பன்னை எடுத்து வந்து வரிசையாக வைத்தான். குண்டு குண்டாக, ஒன்றோடொன்று ஒட்டி, மேலே முட்டை தடவி. நன்றாகவே எழும்பியிருந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்ற மக்ரீத்தாவுக்கு அது கண்ணில் பட்டதும் வயிறு இன்னும் கொஞ்சம் எரிந்தது. உருட்டியிருந்த விதம் அச்சு அசல் சன்னா.

ரோசெல் கையை அடுப்புக்குள் நீட்டிப் பாடினாள்.

நல்ல குரல். அதையும் மக்ரீத்தா ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் ஓடியது. முதல் சரணம் போனது. இரண்டாவது போனது. மக்ரீத்தா தனக்குள் முதல் சரணத்தின் மூன்றாவது வரியில்தான் இருந்தாள்.

“பொறுத்துருச்சு!” என்றாள் ரோசெல். “கெர்ட், தகடக் குடுங்க!”

‘இப்பக்கூடச் சொல்லலாம்’ என்று மக்ரீத்தாவுக்குத் தோன்றியது. திரைத்துணியைக் கொஞ்சம் விலக்கினாள். அடுப்பின் மூடியைச் சாத்தி, சந்தில் ஈரமண் அப்புகிற சத்தம் கேட்டது. திரையைப் பழையபடி இழுத்துவிட்டாள்.

முதலில் சோம்பின் வாசனை வந்தது, பண்டிகை வாசனை. ஊரே மூக்கை உயர்த்தியிருக்கும். பிறகு அந்த வாசனைக்கு அடியில் கசப்பாக ஒன்று. பிறகு கசப்பு மட்டும்.

“ஐயோ! கெர்ட்! மண்ணத் தட்டுங்க, மூடிய எடுங்க!”

நூற்றிருபது பன்னும் கறுத்து வெளியே வந்தன. ரோசெல் ஒன்றைப் பிய்த்தாள். உள்ளே மாவு நூலாக இழுத்தது. அவள் அழவில்லை. தரையில் உட்கார்ந்து, எரிந்த பன்னைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

சந்தோஷம் வரும் என்று மக்ரீத்தா காத்திருந்தாள். வந்தது. பச்சை அத்திக்காயைக் கடித்த மாதிரி, வந்ததும் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

கதவு தட்டாமல் திறந்தது. ரோசெல். கன்னத்தில் கரி.

“அக்கா, முதல் ஈடு போச்சு. தொட்டியில பாதி மாவுதான் மிச்சம். நாளைக்குப் பத்து மணிக்குக் கோயில். புதுசாப் புளிப்பு போட்டு எழும்புறதுக்கு நேரம் இல்ல. உங்க வீட்டுல புளிப்பு…”

“இங்க ஏது?” என்றாள் மக்ரீத்தா.

நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்த எலியாஸ் எழுந்து உட்கார்ந்தான். நல்ல மனுஷன். அதுதான் அவனிடம் உள்ள கேடு.

“எதுக்கும்மா கவலப்படுற? உள்ள கட்டில்ல ஒரு தொட்டி மாவு எழும்பிக் கிடக்குது. என்னையே படுக்க விடல. அத எடுத்துக்க.”

ரோசெல் படுக்கையறை வாசலுக்குப் போனாள். கம்பளியை ஒரு மூலையில் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கையை மாவின் மேல் மெதுவாக வைத்தாள். வைத்த இடம் குழிந்து, திரும்ப எழுந்தது.

“நல்லா எழும்பியிருக்கு” என்றாள். “இப்பத்தான் பதம்.”

மக்ரீத்தா கம்பளியை வாங்கி மறுபடி போர்த்தினாள்.

“ராத்திரி பிசைஞ்சிருக்கீங்க. என் பன் கருகினது இப்ப. நூத்தியிருபது கணக்கு. கருகினதும் நூத்தியிருபது. அடுப்பு ஆறி, சரியான சூட்டுக்கு வர்ற நேரம் பாத்து எழும்புற மாதிரி வச்சிருக்கீங்க.” அவள் ஒவ்வொன்றாக அடுக்கினாள், காலர் தைப்பவள் தையலைப் பிரிக்கிற மாதிரி. “நான் தப்பாப் பாடுறேன்னு உங்களுக்குத் தெரியும்.”

“நீ கேட்டியா?”

“நீங்க சொன்னீங்களா?”

“புத்தகம் உன்கிட்ட இருக்கு. நான் என்னத்தச் சொல்ல? இருபத்தாறு வருஷம் அவளுக்குக் கால் பிடிச்சு, துணி அலசி, சோறு ஊட்டினேன். மூணு வருஷம் முன்னால வந்தவ மடியில கொண்டு வச்சா. நான் ஈரத்துணியோட வாசல்ல நிக்கிறேன், என்னை ஏறிட்டுப் பாக்கல அவ. இப்ப நான் வாயத் திறந்து உனக்குச் சொல்லணுமா? உன் பேருல நன்றி சொல்றதுக்கு நான் பாட்டுச் சொல்லிக் குடுக்கணுமா?”

“மக்ரீத்தா…” என்றான் எலியாஸ்.

“நீங்க சும்மா கிடங்க! சொல்ல வேண்டியதச் சொல்லி முடிச்சாச்சுல்ல?”

ரோசெல் திடுதிடுவென்று வெளியே போனாள். போய்விட்டாள் என்று மக்ரீத்தா நினைத்தாள். திரும்பி வந்தாள், கையில் கறுப்பு அட்டைப் புத்தகம். மேஜையில் இருந்த ரொட்டித் துணுக்கை ஒரு கையால் தள்ளிவிட்டு அதை விரித்து வைத்தாள். ஒரு பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால் எழுதிய நடுங்கும் எழுத்தை மறைத்து, துணிப் பட்டை ஒன்று ஒட்டியிருந்தது. காலருக்கு உள்ளே வைக்கிற விறைப்புத் துணி. ரோசெல் அதை நகத்தால் உரித்தாள்.

“இது அத்தை எழுதினது. கடைசி வருஷம். வாசிக்கிறேன், கேளுங்க. ‘இரண்டு சரணம் என்றால் மக்ரீத்தா இழுக்கிற இழுப்பில். தெரியாவிட்டால் அவளைக் கேள்.’”

மக்ரீத்தா மேஜைக்கு அருகில் வந்தாள்.

“என் பேரா?”

“உங்க பேருதான். வேற எத்தன மக்ரீத்தா இருக்கு இந்த வீட்டுல?”

“மறுபடி வாசி.”

ரோசெல் மறுபடி வாசித்தாள். ‘இழுக்கிற இழுப்பில்’ என்ற இடத்தில் எலியாஸ் இருமிச் சிரிப்பை மறைத்தான்.

“அத ஏன்டி ஒட்டி மறைச்ச?”

“பின்ன?” ரோசெலின் குரல் முதல் தடவையாக உடைந்தது. “எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இந்த ஊருக்கே தெரியும். தீக்குச்சி கிழிக்கத் தெரியாதவன்னு நீங்கதான முதல்ல சொன்னீங்க? புத்தகம் கிடைச்சிருச்சு, இனி யாரையும் கேக்க வேண்டாம்னு திறந்து பாத்தா, பக்கத்துக்குப் பக்கம் நீங்க நிக்கிறீங்க. சோப்புல நீங்க, கஞ்சியில நீங்க, மெழுகுவர்த்தியில நீங்க. ‘மக்ரீத்தாவைக் கேள், அவள் வாசனையிலேயே சொல்வாள்.’ ‘மக்ரீத்தாவைக் கேள், அவள் விரலுக்குத் தெரியும்.’ எனக்கு எப்படி இருக்கும்? ஒவ்வொண்ணா ஒட்டினேன்.”

“எத்தன இடத்துல?”

“பதினேழு.”

“எண்ணினியா?”

“எண்ணாம? ராத்திரி தூக்கம் வராம எண்ணினேன்.”

மக்ரீத்தா உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் எறும்பு ஊர்ந்த எழுத்தைப் பார்த்தாள். விரலை அதன்மேல் வைத்தாள்.

“அவ அன்னைக்கு உன்கிட்ட என்ன சொல்லிக் குடுத்தா?”

ரோசெல் தலையைத் திருப்பிக்கொண்டாள். “‘இது உனக்கு. அவளுக்கு இது வேண்டாம், அவதான் இது. இத அவகிட்ட சொல்லிரு’ன்னாங்க.”

“நீ சொல்லல.”

“சொல்லல. சொல்ல மனசு வரல. நீங்க ஈரத்துணியோட வந்து நின்னு ஒரு பார்வ பாத்தீங்களே, அந்தப் பார்வைக்குச் சொல்லத் தோணல.”

வெளியே காற்று தகரத் தகடுகளை உருட்டியது. மக்ரீத்தா பக்கங்களைத் தள்ளினாள். ஒட்டியிருந்த பட்டைகள் ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட்டன. ஒரு பக்கத்தில் நின்றாள். ஓரம் வெறுமையாக இருந்தது, அடியில் மட்டும் ஒரு வரி.

“இது என்ன பக்கம்?”

“அத்திக்காய்ப் பாகு.”

“இதுல என் பேரு இல்லையா?”

“இல்ல.”

“ஏன் இல்ல? எட்டு வருஷம் அந்தப் பாகு நான்தான காய்ச்சினேன்? என்னவோ எழுதியிருக்கே, என்ன அது?”

ரோசெல் வாசித்தாள். “‘யாரையும் கேட்காதே. என்னைப் போல எவளுக்கும் வராது.’”

“பாத்தியா!” என்று மக்ரீத்தா மேஜையை அறைந்தாள். “சாகுற வரைக்கும் விட்டுக் குடுக்கல பாரு கிழவி! அவ காய்ச்சினது அடிப்பிடிக்கும். ஊருக்கே தெரியும்!”

“அடுப்பு ஆறிக்கிட்டு இருக்கு” என்று முற்றத்திலிருந்து கெர்ட் கத்தினான். “யாராவது வர்றீங்களா, இல்ல நான் மூடிய வச்சு மூடவா?”

இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அடுப்பின் பதமான சூடு ஒரு ஈட்டுக்குத்தான் நிற்கும். அடுத்த ஈட்டுக்கு மறுபடி புதர் போட்டுக் காய்ச்ச வேண்டும். முதலில் உள்ளே போகிற பன் நன்றாக வரும். இரண்டாவது அடுப்பில் சாம்பல் வாசனை கொஞ்சம் ஏறத்தான் செய்யும்.

“என் மாவு முதல்ல” என்றாள் ரோசெல். “சங்கம் என்கிட்டதான் குடுத்திருக்கு.”

“உன் மாவு தொட்டியில அமுங்கிப் போச்சு. திரும்பப் பிசையணும். என்னுது பதத்துல நிக்குது, உருட்டினாப் போதும்.”

“நீங்க திருட்டுத்தனமா வச்ச மாவு.”

“நீ திருட்டுத்தனமா ஒட்டி மறைச்ச புத்தகம்.”

“ரெண்டு பேரும் முதல்ல சூட்டப் பாருங்களேன்” என்றான் எலியாஸ். அன்று அவன் சொன்னவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான்.

மறுநாள் கோயிலில் பாதிப் பன் கொஞ்சம் வெளுத்துத்தான் இருந்தது. இருநூற்று நாற்பதும் வந்தன, எதுவும் குறையவில்லை, ருசிக்கும் பழுதில்லை. ஆனால் அந்தப் பாதியின் முகத்தில் வழக்கமான பொன்னிறம் இல்லை. ஃபைக்கி ஆன்ட்டி ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாய் திறக்கப் போனாள். இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் அவளைப் பார்த்த பார்வையில், பன்னைத் தேநீரில் முக்கிக்கொண்டாள். போதகர் கையிலிருந்த சீட்டைப் பார்த்து, “இந்த வீட்டுச் சகோதரிகளுக்கு” என்று நன்றி சொன்னார். யார் முதலில், யார் பின்னால் என்று சீட்டில் எழுதித் தர இருவருமே சம்மதிக்கவில்லை. பன் வெளுத்ததற்குக் காரணம், முந்தின நாள் எலியாஸ் சூட்டைப் பார்க்கச் சொன்ன பிறகு அடுப்பு வாயில் நடந்தது.

மக்ரீத்தா அடுப்பு வாய்க்கு முன்னால் முழங்கால் போட்டு, கையை முழங்கைவரை உள்ளே நீட்டினாள். ரோசெல் பக்கத்தில் உட்கார்ந்து தன் கையையும் நீட்டினாள். ஒன்றில் மூட்டெல்லாம் புடைத்திருந்தது, இன்னொன்றில் ஊசித் தழும்பு. அந்தச் சின்ன வாயில் இரண்டு கையும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன.

மக்ரீத்தா பாடத் தொடங்கினாள். முதல் சொல்லை இழுத்த இழுப்பில் கெர்ட் தகட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். ரோசெல் முன்னால் ஓடி, நின்று, திரும்பி வந்து சேர்ந்தாள். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. கை பொறுத்தது. சூடு சரியாக இருந்தது. யாரும் கையை எடுக்கவில்லை. முதலில் எடுக்கிறவள் மாவு பின்னால் போகும் என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“ரெண்டு சரணந்தான?” என்றான் எலியாஸ்.

மூன்றாவது தொடங்கியது. கைகள் முழங்கைவரை சிவந்தன, களத்துச் செந்தூள் வியர்வையில் கோடாக ஒழுகியது.

“போதும், அடுப்பு ஆறிப்போகும், கைய எடுங்க!” என்று கெர்ட் கத்தினான்.

நான்காவது சரணத்துக்கு ரோசெலுக்கு வார்த்தை தெரியாது. நகரத்தில் மூன்றோடு நிறுத்திவிடுவார்கள். அவள் தலையைத் திருப்பி மக்ரீத்தாவின் வாயைப் பார்த்தாள். அந்த வாய் எப்படிப் போனதோ அப்படியே, ஒரு சொல் பின்னால், அதே இழுப்பில் பாடினாள். கையை மட்டும் எடுக்கவில்லை.